விளக்குக்குப் பொட்டு

ஜன்னல் சீட்டில் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு இந்த ஓரம் போதும். மரியாதைக்குச் சொல்லவில்லை. ஒரகடம் தாண்டுகிற வரைக்கும் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எனக்கு வெயில் ஆகாது. மடியில் இந்த அட்டைப்பெட்டி வேறு இருக்கிறது. படப்பை வரைக்கும்தான் போகிறேன்.

பெட்டியையே பார்க்கிறீர்கள். கண்டக்டரும் அப்படித்தான் பார்த்தார். "உள்ள இன்னாம்மா, கோழியா? கோழின்னா அதுக்கும் டிக்கெட்டு" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். முன் சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டுவிட்டது. கோழி இல்லை அக்கா, விளக்கு. கரண்டு விளக்குதான், சின்னது. கொட்டாங்குச்சியில் நானே செய்தது. ஆட்டாமல் கொண்டுபோக வேண்டும் என்றுதான் மடியில் வைத்திருக்கிறேன்.

நான் பஸ்ஸில் யாரோடும் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. இப்போது பகல் முழுக்க வீட்டில் சத்தம் போடாமல் இருக்க வேண்டியிருக்கிறது. அதனாலோ என்னவோ, வெளியே வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

பேசமாட்டேனே தவிர, பார்த்துக்கொண்டே இருப்பேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. உங்களையே சொல்கிறேனே. வலது கையில் முழங்கை வரைக்கும் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்பு இருக்கிறது. வீட்டுக்கு மட்டும் சமைத்தால் இத்தனை வராது. நீங்கள் நிறையப் பேருக்குத் தோசை ஊற்றுகிறவர். சரிதானே? பாருங்கள். சிரிக்கிறீர்கள். டிபன் கடையா? எங்கே? சரி, சரி, அப்புறம் சொல்லுங்கள். முதலில் விளக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள்தானே கேட்டீர்கள், கடையில் கிடைக்காத விளக்கா என்று.

கிடைக்கவில்லை அக்கா. அதுதான் விஷயம். எனக்கு வேண்டிய விளக்கு எந்தக் கடையிலும் இல்லை.

நாங்கள் வாலாஜாபாத்தில் ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம். ஒரே அறை. அதன் மூலையில் ஒரு மேடை, அதுதான் சமையலறை. ஒரு ஜன்னல் உண்டு. அதற்குக் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டி, மேலே ஃபிரிட்ஜ் வந்த அட்டையை வைத்து அடித்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். கார்களுக்கு ரப்பர் பாகம் செய்கிற கம்பெனி. காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தார் என்றால் சாயங்காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் ராத்திரிதான். கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு ஊசி முனை அளவு வெயில் அட்டை இடுக்கில் வந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். "அனு, அதோ பாரு" என்பார். நான் போய் ஒரு துண்டு டேப் ஒட்டுவேன்.

எனக்கு அந்த இருட்டில் படிக்க வேண்டும். குரூப் ஃபோர் எழுதப்போகிறேன். பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். எங்கள் ஊர், செஞ்சிப் பக்கம், அங்கே என்னோடு படித்தவள் ஒருத்தி எழுதி, இப்போது தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டால் அவர் இந்த நைட் ஷிப்டை விட்டுவிடலாம். பகலில் பகலாகவும் ராத்திரியில் ராத்திரியாகவும் இருக்கலாம். ஜன்னல் திறக்கிற ஒரு வீடாகப் பார்த்துப் போகலாம். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை அக்கா. ஜன்னலைத் திறக்க வேண்டும்.

ராத்திரியில் அவர் போன பிறகு படிக்கலாமே என்கிறீர்களா? எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் லைனில் பாதி வீடு பையன்கள் தங்கியிருக்கிற வீடு. கதவுக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறது. லைட் எரிந்தால் வெளியே தெரியும். "தனியா இருக்கன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. பூட்டிக்கிட்டு லைட்ட அணைச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அக்கறை உள்ளவர். அதனால் ராத்திரியும் எனக்கு இருட்டுதான்.

மாடிப்படியில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஹவுஸ் ஓனர் அம்மா மிளகாய் காய வைக்க வருவார். "இன்னாம்மா, இன்னிக்கும் வீட்டுக்காரரு உள்ளதான் கீறாரா? எப்பப் பாரு உள்ளயே கீறாரே?" என்பார். நைட் ஷிப்ட் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கிச் சொல்ல என்னால் ஆகாது. எழுந்து உள்ளே வந்துவிடுவேன்.

அதனால்தான் விளக்கு. அறையில் ஒரு ஓரத்தில், என் புத்தகத்துக்கு மட்டும் வெளிச்சம் தருகிற மாதிரி, பார்க்கவும் கொஞ்சம் அழகாக. அழகு எதற்கு என்கிறீர்களா? அந்த அறையில் அழகாக ஒன்றும் இல்லை அக்கா. கல்யாணத்துக்கு வந்த சாமான்களையெல்லாம் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கிறோம், நல்ல வீட்டுக்குப் போனதும் பிரிக்கலாம் என்று. ஒரு விளக்காவது அழகாக இருக்கட்டுமே என்று தோன்றியது.

முதலில் செல்போன் டார்ச்சைப் போட்டு, அதன்மேல் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். வெள்ளையாக அறை முழுக்கப் பரவிவிட்டது. "கண்ணுக்குள்ளயே வருது" என்றார். அப்புறம் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு பட்டாம்பூச்சி விளக்கு வாங்கினேன். பிளக்கில் செருகினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வரி சிவப்பில் படித்தால் அடுத்த வரி பச்சையில். அவர் கொஞ்ச நேரம் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஜவுளிக்கடை வாசல்ல படுத்த மாதிரி கீது அனு" என்றார். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்கு நகைச்சுவை அதிகம். முன்பெல்லாம் இன்னும் அதிகம்.

மூன்றாவதாக நடந்ததுதான் பெரிய கூத்து.

என் மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த காமாட்சி விளக்கு ஒன்று இருக்கிறது. தினமும் சாயங்காலம் போன் செய்து, "விளக்கு வெச்சியாம்மா?" என்பார். நான் "வெச்சேன் அத்தை" என்பேன். "பொட்டு வெச்சியா விளக்குக்கு?" "வெச்சேன் அத்தை." "தென்னரசு எழுந்துட்டானா? விளக்கு வெக்கிற நேரத்துல ஆம்பள படுத்துக் கெடந்தா வூடு எப்படிம்மா வெளங்கும்?" என்பார். அந்த நேரத்துக்குத்தான் அவர் எழுந்திருப்பார். சில நாள் எழுந்திருக்கமாட்டார். அப்போது நான் விளக்கு ஏற்றாமலேயே ஏற்றினேன் என்று சொல்லிவிடுவேன். என்ன செய்வது, பெரியவர்களை எதற்கு வருத்தப்படுத்த வேண்டும்.

சரி, எண்ணெய் விளக்கு என்றால் வெளிச்சம் மென்மையாக இருக்கும் என்று ஒரு நாள் பகலில் அதை ஏற்றினேன். காற்று படாத இடமாகப் பார்த்தால் அவர் தலைமாட்டுச் சுவர் ஓரம்தான் இருந்தது. அங்கே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தேன். அவர் நெடுக நீட்டிப் படுத்து, வெள்ளைப் போர்வையை முகம் வரைக்கும் இழுத்து மூடியிருந்தார். பக்கத்து வீட்டுப் பரிமளா, நான் கொடுத்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அண்ணனுக்கு என்னாச்சு!" என்று போட்டாள் ஒரு அலறல். கிண்ணம் உருண்டு ஓடியது. அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்து அவள் இன்னும் பெரிதாக அலறினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீட்டிப் படுத்த ஆள், மூடிய போர்வை, தலைமாட்டில் விளக்கு, பக்கத்தில் தலைகுனிந்து பெண்டாட்டி. வேறு எப்படி நினைப்பாள்? லைனே கூடிவிட்டது. பையன்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் எல்லோரையும் பார்த்து, "ஒண்ணும் இல்லப்பா, செத்தா யாரு யாரு வரீங்கன்னு பாத்தேன். எல்லாரும் வந்துட்டீங்க, சந்தோஷம்" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள். கதவைச் சாத்தியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொன்னார். நான் விளக்கைக் கழுவி மேலே எடுத்து வைத்துவிட்டேன்.

அந்தப் பரிமளாவின் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். லைன் முழுக்கப் பையன்கள் தலையைச் சீவிக்கொண்டே ஓடுவார்கள். இப்போது அந்தப் பஸ் வருவதில்லை. ரூட்டை மாற்றிவிட்டார்களாம். அவர் மெயின் ரோடு வரைக்கும் நடந்து போகிறார். பைக்கை ஒரு சினேகிதருக்குக் கொடுத்திருக்கிறார். நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே?

பரிமளா ஆவணியில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் அங்கே கோழிப்பண்ணை வைக்கப்போகிறாராம். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு யாராவது கோழி வளர்க்கப் போவார்களா? பொறுமை இல்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன். போகிற அன்று பரிமளா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் எதுனா சொன்னாராக்கா?"

"எதப் பத்தி?"

"கம்பெனியப் பத்தி."

"வீட்டுக்கு வந்தா கம்பெனிப் பேச்சே எடுக்கமாட்டார். வேல அதிகம். ஞாயித்துக்கிழமகூடப் போறார்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கையை விடவே இல்லை. பிறகு என்ன தோன்றியதோ, தன் பையைத் துழாவி ஒரு ஸ்டிக்கர் பொட்டுப் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். பிரிக்காத பாக்கெட். கறுப்புப் பொட்டு. நல்ல பெண்தான்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் இப்போது கொஞ்சம் மரியாதையான இடம் என்று நினைக்கிறேன். எப்படித் தெரியும் என்கிறீர்களா? துணியைப் பார்த்தாலே தெரியும் அக்கா. முன்பெல்லாம் சட்டை கறுகறுவென்று எண்ணெயும் ரப்பர் நாற்றமுமாக வரும். தனி வாளியில் ஊற வைத்துத் தேய்ப்பேன். இந்த ஆடியிலிருந்து அப்படி இல்லை. நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த மடிப்பு காலையில் அப்படியே இருக்கிறது. மெஷினில் கை வைக்காத வேலையாகத்தான் இருக்க வேண்டும், மேற்பார்வை மாதிரி. முன்பு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி வரும். இப்போது எப்போதும் ராத்திரிதான். நம்பிக்கையான ஆளைத்தானே ராத்திரிக்குப் போடுவார்கள்?

கேன்டீன் சாப்பாடுதான் கெட்டுவிட்டது. முன்பு அங்கே கொடுக்கிற பன்னையும் வாழைப்பழத்தையும் எனக்கென்று எடுத்து வருவார். இப்போது காலையில் வந்ததும் பழைய சோற்றுப் பானையைத் தானே திறக்கிறார். ஆயுத பூஜைக்குக்கூட இந்த முறை ஸ்வீட் பாக்ஸ் தரவில்லை. ரோட்டுக்கடைப் பொரியைப் பேப்பரில் கட்டிக்கொண்டு வந்தார். "கம்பெனிலதான் குடுத்தாங்க" என்றார். பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன். அன்று காலையில் வந்த பேப்பர்.

கொசுக்கடிதான் எனக்குப் புரியவில்லை. கணுக்காலிலும் கழுத்திலும் தடித்துத் தடித்துக் கிடக்கிறது. மெஷின் ஓடுகிற இடத்தில் எங்கிருந்து இத்தனை கொசு? ஒரு தடவை மழை பெய்த ராத்திரிக்கு மறுநாள் காலையில், பேன்ட்டின் பின்பக்கத்தில் பெஞ்சுக் கோடு விழுந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுகளில் போட்டிருப்பார்களே, இடைவெளி விட்டு இரும்புப் பட்டை வைத்த பெஞ்சு, அந்த மாதிரிக் கோடு. துருக் கறை. நான்தான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து எடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் அக்கா. அவருக்குப் பொய் சொல்ல வராது.

விளக்குக்கு வருகிறேன்.

தேங்காய் உடைக்கும்போது ஒரு நாள் மேல்மூடி நன்றாக வட்டமாக உடைந்தது. அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கண்ணாடிச் சில்லால் நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தேன். பளபளவென்று ஏலக்காய் டீ நிறத்தில் வந்தது. கொட்டாங்குச்சிக்கு மூன்று கண் உண்டே, அதில் மிருதுவாக இருக்கிற கண்ணைக் குத்தி ஒயரை விட்டேன். உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு. கால் உடைந்த சப்பாத்திக் கட்டைதான் அடிப்பாகம். சட்டை மாட்டுகிற கம்பியை வளைத்து அதில் நட்டு, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டேன். தாழம்பூ குனிந்த மாதிரி இருக்கும். பகல் முழுக்க இருட்டில், அவர் தூங்கும்போது, சத்தம் வராமல், தடவித் தடவிச் செய்தது. பிறகு ஆணியைக் காய்ச்சிச் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை போட்டேன், புள்ளிக் கோலம் மாதிரி.

முதன்முதலில் அதை எரிய விட்டபோது பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சுவரிலும் கூரையிலும் அவர் போர்வை மேலும் புள்ளி புள்ளியாக வெளிச்சம். அந்த அறையா இது என்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நிமிஷம் படிக்கக்கூட மறந்துவிட்டேன்.

அவர் போர்வைக்குள்ளிருந்து, "நல்லாருக்கு அனு" என்றார். பிறகு, "அந்த ஓட்டயெல்லாம் மட்டும் மூடிடேன்" என்றார். "எல்லாம் என்னையே பாக்கற மாதிரி கீது."

எதை வைத்து மூடுவது? அப்போதுதான் பரிமளா கொடுத்த பொட்டுப் பாக்கெட் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொட்டு ஒட்டினேன். பாக்கெட் தீர்ந்துவிட்டது. இரண்டு ஓட்டைக்குக் கிடைக்காமல், என் நெற்றியில் இருந்ததை எடுத்து ஒட்டினேன். இன்னொன்றைக் குளியலறைக் கண்ணாடியிலிருந்து எடுத்து வந்தேன். அன்று சாயங்காலம் மாமியார் போனில், "விளக்குக்குப் பொட்டு வெச்சியா?" என்றார். "நெறைய வெச்சேன் அத்தை" என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

அதற்குப் பிறகு வெளிச்சம் கீழே மட்டும்தான் விழுந்தது. ஒரு தட்டு அளவு. என் புத்தகம், என் விரல், அவ்வளவுதான் தெரியும். அவர் இருக்கிற பக்கம் ஒன்றுமே தெரியாது. நான் இங்கே, அவர் அங்கே. நிம்மதியாகப் படித்தேன். ஐந்தாண்டுத் திட்டங்கள் முழுவதும் முடித்துவிட்டேன். அவரும் அசையாமல் தூங்கினார். குறட்டைகூட விடவில்லை. முன்பு குறட்டை விடுவார், வீடே அதிரும். இருட்டு சரியாகக் கிடைத்தால் குறட்டையும் நின்றுவிடும் போலிருக்கிறது.

அப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நேற்று மத்தியானம் கரண்டு போய்விட்டது. வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கரண்டு வந்ததும் ஃபேன் வேகமாகச் சுற்றி, அந்தக் காற்றில் கொட்டாங்குச்சி கம்பியில் ஆடித் திரும்பிவிட்டது. வெளிச்சம் நேராக அவர் முகத்தில் போய் விழுந்தது.

கண்ணைத் திறந்துகொண்டிருந்தார் அக்கா.

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விழித்த மாதிரி இல்லை. விழிக்கிறவர்கள் கண்ணைக் கசக்குவார்கள், முகத்தைச் சுளிப்பார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. சும்மா திறந்தபடி கிடந்தார். காதோரமெல்லாம் ஈரமாக இருந்தது, தலையணையும் ஈரம். வியர்வைதான். ஃபேன் இல்லாத நேரம் இல்லையா? கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்கள் உண்டு. எங்கள் சித்தப்பா ஒருவர் அப்படித்தான்.

"அனு, அத அந்தப் பக்கம் திருப்பு" என்றார். தூங்கி எழுந்த குரலாகவும் இல்லை.

திருப்பினேன். கை பட்டதில் இரண்டு பொட்டு உதிர்ந்துவிட்டது.

இருட்டிலிருந்து கேட்டார், "என்னா படிக்கிற?"

"ஊராட்சி அமைப்பு."

"படி." கொஞ்ச நேரம் கழித்து, "பரீட்ச எழுதுனா உடனே வேல குடுத்துடுவாங்களா?"

"உடனே எங்கங்க. ரிசல்ட் வரணும், அப்புறம் கவுன்சிலிங் வரணும். ரொம்ப நாளாகும்."

"ரொம்ப நாளாகுமா" என்றார். கேள்வி மாதிரி இல்லை. பிறகு, "அனு, உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

நான், "தூங்குங்க. ராத்திரிக்கு வேலைக்குப் போகணும் இல்ல" என்றேன்.

வேறு என்ன சொல்வது? தூக்கம் கெட்டால் அவர் உடம்பு என்ன ஆகும்?

"ஆமா, போணும்" என்றார். சாயங்காலம் எழுந்து, குளித்து, இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் அப்போது விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே தளர்ந்திருக்கிறது என்று.

அதற்காகத்தான் படப்பைக்குப் போகிறேன். அங்கே கம்பியைப் பற்றவைத்துக் கொடுக்கிற வெல்டிங் கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். கம்பியில் ஒரு துண்டு வைத்து இறுக்கிவிட்டால் கொட்டாங்குச்சி அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது. எத்தனை காற்று அடித்தாலும் என் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். வாலாஜாபாத்திலேயே ஒரு வெல்டிங் கடைக்காரரிடம் கேட்டேன். "இதுக்கு ஏம்மா இங்க வந்த? உங்க வீட்டுக்காரரு சும்மாதான கீறாரு, அவரயே செய்யச் சொல்லு" என்றார். பகலில் வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமா? விளக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுதான் அக்கா விளக்குக் கதை. பெரிதாக ஒன்றும் இல்லை. நான்தான் நீட்டிவிட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். கடை எங்கே என்று சொல்ல வந்தீர்கள். ஒரகடத்திலா? முன்பு ஒரகடத்தில் இருந்ததா? ஓ, இப்போது இடம் மாற்றிவிட்டீர்களா. ஏன், நன்றாக ஓடவில்லையா? கம்பெனி வாசலிலா? எந்தக் கம்பெனி?

ரப்பர்க் கம்பெனியா.

ஆமாம், அதே பேர்தான். நீல கேட்தான். ஆனால் அக்கா, நீங்கள் வேறு ஏதாவது நினைத்துக்கொண்டு சொல்கிறீர்கள். இல்லை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆடியிலிருந்து கேட்டுக்குப் பூட்டா? பையன்கள் எல்லாம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்களா? நீங்கள் அவர்களுக்குச் சும்மாவே இட்லி கொடுத்தீர்களா? நல்ல மனசு உங்களுக்கு. அது முன் கேட்டாக இருக்கும் அக்கா. முன் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். நைட் ஷிப்டுக்குப் பின்னால் ஒரு கேட் இருக்கிறது. இருக்கும். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரே ஒரு கேட்டா இருக்கும்? அந்தப் பக்கமாகத்தான் போய் வருகிறார். அதனால்தான் பஸ் ரூட்டையும் மாற்றியிருக்கிறார்கள்.

சுற்றிலும் காம்பவுண்டுதானா? பின்னால் ஏரி இருக்கிறதா?

என்னை அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. பரிமளாவும் இப்படித்தான் பார்த்தாள். கையை விடுங்கள், விளக்கு சாய்கிறது. இருங்கள், இந்தப் பொட்டுகளில் ஒன்று பெட்டிக்குள்ளே விழுந்துவிட்டது, தேடி எடுத்துவிடுகிறேன். கறுப்புப் பொட்டு, சின்னது. அது இல்லாவிட்டால் ஒரு ஓட்டை திறந்தே இருக்கும்.

ஒரகடம் வந்துவிட்டதா? இல்லை, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நீங்கள் கை காட்ட வேண்டாம். அதுதான் ஏறும்போதே சொன்னேனே, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எனக்கு ஆகாது என்று.

வெயில் இல்லையா? மழை மூட்டமா? அப்படியா. நான் கவனிக்கவில்லை. இருட்டிலேயே இருந்து பழகிவிட்டேனா, மூட்டமாக இருந்தால்கூட எனக்குக் கண் கூசுகிறது.

நான் இப்படியே குனிந்துகொள்கிறேன் அக்கா. அந்த இடம் தாண்டியதும் சொல்லுங்கள்.